செட்டில்மென்ட் முடிந்த பிறகு மறுபடி கடன் வாங்கத் தயாராவது எப்படி?

வங்கியோடு பேசி, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி வாங்கிக் கணக்கை முடித்தாயிற்று. வசூல் போன்கள் நின்றுவிடும். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு 'செட்டில்டு' என்ற முத்திரை விழுந்திருக்கும். முழுத்தொகையும் கட்டியவருக்கு வருவது 'குளோஸ்டு'. ஸ்கோர் (கடன் மதிப்பெண்) ஓரளவு தேறிய பின்னும் கடன் விண்ணப்பம் திரும்பி வருகிறதென்றால், பல நேரம் காரணம் இந்த முத்திரைதான்.

1. செட்டில்மென்ட் கடிதம், பணம் கட்டிய ரசீதுகள், நோ டியூஸ் (பாக்கி இல்லை) சான்றிதழ் மூன்றையும் வாங்கி வையுங்கள். சொத்துப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் 30 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

2. ஒரு மாதம் பொறுத்து அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். நான்கையும் பாருங்கள், ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் பழையபடியே கிடக்கலாம். நிலுவை, தவணை தவறிய தொகை இரண்டும் பூஜ்யமா? இல்லையென்றால் அந்தந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள், கட்டணம் கிடையாது. 30 நாளில் தீராவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.

3. கையில் பணம் புரண்டால், தள்ளுபடியான தொகையையும் கட்டி முத்திரையை 'குளோஸ்டு' ஆக்கக் கேட்கலாம். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்தச் செலவு தகும் என்பது எங்கள் கருத்து. மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டினாலும் பழைய தாமதங்கள் அழியாது. அறிக்கையில் 36 மாதத் தவணை வரலாறு தெரியும்.

4. செட்டில்மென்ட் செய்த அதே வங்கியை உடனே அணுகிப் பயனில்லை. விவசாயக் கடன் தவிர மற்றவற்றுக்குக் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும் என்பது 2023-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி.

5. அந்த இடைவெளியில் வேறு வங்கியில் எஃப்.டி. (நிரந்தர வைப்பு) போட்டு, அதன்மேல் கிரெடிட் கார்டு வாங்குங்கள். டெபாசிட்டே ஈடு என்பதால் பழைய கணக்கு பெரிய தடையாக இருக்காது. 25,000 ரூபாய் டெபாசிட்டுக்கு 20,000 லிமிட் கிடைத்தால் மாதம் 6,000-க்குள் செலவழியுங்கள். முழு பில்லுக்கும் ஆட்டோ டெபிட் போடுங்கள். பலர் சறுக்குவது 'மினிமம் டியூ'வில்தான், அதாவது பில்லில் கட்டச் சொல்லும் குறைந்தபட்சத் தொகையில்: அதை மட்டும் கட்டினால் தாமதம் பதிவாகாது, ஆனால் மீதிக்கு வட்டி ஏறி லிமிட் நிரம்பிவிடும், ஸ்கோர் அங்கேயே நிற்கும்.

6. ஓராண்டு இப்படிப் போன பிறகு ஒரே ஓர் இடத்தில் விண்ணப்பியுங்கள். ஐந்து ஆப்பில் தட்டினால், கடன் தருபவர்கள் உங்கள் அறிக்கையைப் பார்த்த ஐந்து விசாரணைகள் பதிவாகி, ஸ்கோர் இறங்கும். அறிக்கையை நீங்களே பார்ப்பதால் இறங்காது. முதல் படியில் வாங்கிய காகிதங்களை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

'சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்பவர்களுக்குப் பணம் தராதீர்கள். தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். சரியான பதிவை அவர்களாலும் நீக்க முடியாது.