ஓய்வுபெற்ற உளவாளியைக் களத்துக்குத் திரும்ப அழைக்கும் கதையை எழுதுவது எப்படி?

ஓய்வுபெற்ற உளவாளி ஒருவரை மறுபடியும் வேலைக்கு இழுத்துவரும் கதையை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே தொலைபேசியை ஒலிக்கவிட்டுவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அறுபத்தைந்து வயதுக்காரர் மதில் ஏறிக் குதிக்கிறார். கதை அங்கேயே நம்பகத்தை இழந்துவிடுகிறது. மதில் ஏறிக் குதிக்க ஆள் வேண்டுமென்றால் எந்த உளவு நிறுவனமும் முப்பது வயதுக்காரரைத்தான் அனுப்பும். ஓய்வுபெற்றவரைத் தேடிக்கொண்டு வருவது அவர் தலைக்குள் மட்டும் இருக்கும் ஏதோ ஒன்றுக்காக: தீராமல் விட்ட ஒரு பழைய விவகாரம், வேறு எவருக்கும் அடையாளம் தெரியாத ஒரு முகம், கோப்பில் ஏறாமல் போன ஒரு பேச்சு. எனவே இந்த வகைக் கதையில் நீங்கள் முதலில் எழுதவேண்டியது, வாசகருக்கு முழுதாகக் காட்டப்போகாத அந்தப் பழைய விவகாரத்தைத்தான்.

அதைத் தனியாக நான்கைந்து பக்கங்களில், ஓர் அலுவலகக் குறிப்பைப் போல எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், தகவல் கொடுத்தவர் யார், அவரைக் கையாண்ட அதிகாரி யார், எங்கே பிசகியது, பழி யார் தலையில் விழுந்தது, உங்கள் நாயகன் அன்றைக்கு என்ன முடிவுக்கு வந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். அந்த முடிவில் ஓர் ஓட்டை இருப்பது மிக முக்கியம். அந்த ஓட்டை இல்லாவிட்டால் அவரைத் திரும்ப அழைப்பதற்குக் காரணமே கிடையாது.

இதற்கு உண்மையில் நடந்த ஒன்றைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. 1985ஆம் ஆண்டில் தொடங்கி, சோவியத் ஒன்றியத்துக்குள் சிஐஏவுக்கு இரகசியம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க 1986இல் ஜீன் வெர்ட்டஃபே என்ற அதிகாரியின் தலைமையில் சிறு குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது விடை காணாமல் தேங்கிப்போனது. 1991இல் விசாரணைக்கு மீண்டும் உயிரூட்டியபோது, சிஐஏவின் சோவியத் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்திருந்த சாண்டி கிரைம்ஸ் பணியிலிருந்து விலகும் எண்ணத்தில் இருந்தார். இறந்தவர்களைப் பற்றிய விசாரணை என்றதும் விலகும் எண்ணத்தைக் கைவிட்டு அந்தக் குழுவில் சேர்ந்தார். வெர்ட்டஃபே 1992இல் வயது வரம்பின்படி ஓய்வுபெற்றார். ஆனாலும் ஒப்பந்தப் பணியாளராகத் தொடர்ந்து வந்து, விவகாரம் முடியும் வரை இருந்தார்.

அவர்கள் செய்த வேலை என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சந்தேகப் பட்டியலில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற சக அதிகாரியின் ஒவ்வொரு நாளையும் கிரைம்ஸ் தேதிவாரியாகத் தட்டச்சு செய்தார்: எங்கே போனார், யாரைச் சந்தித்தார், எப்போது விடுப்பு எடுத்தார். வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரக அதிகாரி செர்கேய் சுவாகினை ஏம்ஸ் சந்தித்து வந்தது நிறுவனத்துக்குத் தெரிந்தே நடந்தது. அவரை நம் பக்கம் இழுக்க முடியுமா என்று பார்ப்பதாக ஏம்ஸ் சொல்லியிருந்தார். 1992 ஆகஸ்டில் ஏம்ஸின் வங்கிக் கணக்கு விவரங்கள் கையில் கிடைத்தபோது, கிரைம்ஸ் அவற்றையும் அதே பட்டியலில் ஏற்றினார். 1985 மே 17 அன்று சுவாகினோடு மதிய உணவு. மே 18 அன்று கணக்கில் 9,000 டாலர். ஜூலை 2 அன்று மதிய உணவு. ஜூலை 5 அன்று 5,000 டாலர். ஜூலை 31 அன்று மதிய உணவு. அன்றே 8,500 டாலர். பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் அமெரிக்க வங்கி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதால் தொகைகள் எல்லாம் அதற்குக் கீழேயே நின்றன. ஏம்ஸ் இரண்டு முறை பொய்யறியும் சோதனையைத் தாண்டியவர், 1989இல் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கிவிட்டு மனைவி வீட்டுப் பணம் என்று சொல்லித் தப்பியவர். அவரை மாட்டவைத்தது இரண்டு பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்த பொறுமை. 1994 பிப்ரவரி 21 அன்று அவர் கைதானார்.

உங்கள் கதையின் உச்சக்கட்டம் இப்படிப்பட்ட ஒரு கண்டுபிடிப்பாக இருக்கட்டும் என்றே நான் வற்புறுத்துவேன். துப்பாக்கிச் சண்டையை வாசகர் அடுத்த வாரமே மறந்துவிடுவார். ‘மே 17, மே 18’ என்ற இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் கணத்தை அவரால் மறக்க முடியாது. அந்தக் கணத்துக்குத் தேவையான விவரங்களை முன்னத்தியாயங்களில் சாதாரணச் செய்திகளாகத் தூவி வையுங்கள். ஒரு விடுப்பு விண்ணப்பம், ஓர் உணவக ரசீது, ஒரு திருமண அழைப்பிதழின் தேதி போதும்.

அடுத்து, அழைப்பவர் யார் என்று முடிவு செய்யுங்கள். ‘நிறுவனம் அழைத்தது’ என்று எழுதினால் எந்த உணர்ச்சியும் பிறக்காது; ஒரு மனிதர் அழைக்கவேண்டும், அவருக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும், அந்தக் காரணத்தில் பாதியை அவர் மறைக்கவேண்டும். சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியமாக வேலை செய்த பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிம் ஃபில்பியின் வாழ்க்கையில் இதன் கொடூரமான வடிவம் இருக்கிறது. 1951இல் அவரைப் போலவே சோவியத் உளவாளிகளாக இருந்த அவருடைய நண்பர்கள் பர்ஜெஸ்ஸும் மக்லீனும் மாஸ்கோவுக்கு ஓடிப்போன பின், ஃபில்பி பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்ஐ6இலிருந்து வெளியேற நேர்ந்தது. 1955 நவம்பரில் அவர்மீது ஆதாரம் இல்லை என்று அமைச்சர் ஹரால்ட் மக்மில்லன் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். மறு ஆண்டு பத்திரிகையாளராக பெய்ரூட் போன ஃபில்பியை, பழைய நண்பர் நிக்கோலஸ் எலியட் போன்றோரின் நம்பிக்கையால் எம்ஐ6 மறுபடியும் பயன்படுத்திக்கொண்டது. 1963 ஜனவரியில் அவரை நேருக்கு நேர் குற்றம்சாட்டி ஒப்புக்கொள்ளச் சொல்லி பெய்ரூட்டுக்கு வந்தவரும் அதே எலியட்தான். சில நாட்களில் ஃபில்பி காணாமல் போய் மாஸ்கோவில் தோன்றினார். திரும்ப அழைக்கப்பட்டவரே துரோகியாக இருப்பது, கைகொடுத்த நண்பரே விசாரிக்க வருவது என்ற இரண்டு திருப்பங்களையும் வரலாறே எழுதி வைத்திருக்கிறது.

அரசியல் காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவர் அரசியல் மாறியதும் அழைக்கப்படுவது இன்னொரு வகை. 1968இல் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்த ஆர். என். காவ், 1977இல் இந்திரா காந்தி தோற்றபின் பதவியிலிருந்து விலகினார். அவசரநிலைக் காலத்தில் அந்த அமைப்பு தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று புதிய ஆட்சியாளர்கள் ஐயம் கொண்டிருந்தார்கள். இந்திரா மீண்டும் பிரதமரான பிறகு காவ் பாதுகாப்பு ஆலோசகராகத் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளில் தன்னை வணங்கியவர்களில் யார் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று இப்படித் திரும்பும் ஒருவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒரு முழு நாவலுக்கான இறுக்கம் அந்த முதல் நாள் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறது.

ஓய்வு வாழ்க்கையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தோட்டம், நாய், தனிமை, மதுக்கோப்பை என்ற நான்கு பொருட்கள் எல்லாக் கதைகளிலும் வந்து தேய்ந்துவிட்டன. நாயகன் இந்திய அதிகாரி என்றால் அவருடைய ஓய்வு வேறு மாதிரி இருக்கும். ஆண்டுதோறும் நவம்பரில் தான் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை வங்கிக்குக் கொடுத்தாகவேண்டும். மத்திய அரசு மருந்தகத்தில் இரத்த அழுத்த மாத்திரைக்கு வரிசையில் நிற்கவேண்டும். அக்கம்பக்கத்தினர் அவரை ‘டெல்லியில் ஏதோ செயலகத்தில் இருந்தவர்’ என்று மட்டும் அறிந்திருப்பார்கள், ஏனென்றால் ரா அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இயங்குவது. இந்த ஓய்வூதியமே கதைக்கு ஒரு கூர்மையான கருவி. உளவு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், அமைப்பின் செயல்பாடு தொடர்பான எதையும் முன் அனுமதியின்றி வெளியிடக்கூடாது என்று 2021 மே 31 அன்று மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. மீறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் வேறு தலைக்குமேல் இருக்கிறது. மேசை இழுப்பறையில் அரைகுறையாகக் கிடக்கும் ஒரு நினைவுக்குறிப்பு, அழைக்க வருபவரின் கண்ணில் பட்டுவிட்டால், அதன்பின் அவர் மிரட்டவே வேண்டியதில்லை.

திரும்ப வருவது எப்போதும் இரகசியப் பணிக்காகத்தான் என்றும் இல்லை. ரா அதிகாரியாக இருந்து 1994இல் ஓய்வுபெற்று, சென்னையில் வாழ்ந்து 2013இல் மறைந்த பி. ராமன், பயங்கரவாதம் குறித்து இடைவிடாமல் பொதுவெளியில் எழுதினார்; கார்கில் போருக்குப் பிறகு உளவு அமைப்புகளைச் சீரமைக்க, முன்னாள் ரா தலைவர் கிரீஷ் சந்திர சக்சேனா தலைமையில் அரசு அமைத்த குழுவிலும் இடம்பெற்றார். ஓய்வுபெற்றவர்கள் கூடித் தங்கள் பழைய வீட்டைச் சோதனையிடும் அந்தச் சூழலைத் தமிழில் யாராவது நாவலாக எழுதவேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை உண்டு.

இனி அழைப்புக் காட்சி. இதை வீட்டுக்குள், பட்டப்பகலில், மனைவியோ மகளோ அடுத்த அறையில் இருக்கும்போது எழுதுங்கள். வருபவர் ஒரு காலத்தில் நாயகனுக்குக் கீழே வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம், இடம் திருவானைக்காவல்.

“காபி குடிக்கவா டெல்லியிலிருந்து வந்தே? என்னப்பா விஷயம்?”

“பழைய பேர் ஒண்ணு உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்கணும் சார்.”

“எந்த வருஷம்?”

“தொண்ணூத்தஞ்சு.”

“செத்துட்டான்னு நீதானே குறிப்பு எழுதினே?”

“ஆமா சார். போன மாசம் காட்மாண்டுல அறை எடுத்துத் தங்கியிருக்கான்.”

‘நாடு உங்களை எதிர்பார்க்கிறது’ என்று வந்தவர் சொல்லவில்லை. ஆண்டைச் சொன்னதுமே பெரியவருக்குப் பெயர் புரிந்துவிட்டது என்பதால், இத்தனை ஆண்டுகளும் அவர் அதை மறக்கவில்லை என்று வாசகர் தெரிந்துகொள்கிறார். குறிப்பை எழுதியவர் வந்தவரே என்பதால், தன் பழைய தவறை மூடி மறைக்கத்தான் வந்திருக்கிறாரோ என்ற ஐயமும் விழுந்துவிட்டது. ஆறு வரிக்குமேல் இந்தப் பேச்சை நீட்டினால் வலு குறையும்.

களத்துக்கு வந்தபின் அவரிடம் அதிகாரம் எதுவும் இருக்கக்கூடாது. அடையாள அட்டை கிடையாது, கோப்பறைக்குள் போக முடியாது, தன்னைவிட இருபது வயது இளையவரிடம் அனுமதி கேட்டு நிற்கவேண்டும். இந்திய உளவு அமைப்புகளுக்குக் கைதுசெய்யும் அதிகாரமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கைவிலங்கோடு பாயும் ரா அதிகாரியை எழுதினால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சம்பளம் வாங்கும் அதிகாரியும், அவருக்குத் தகவல் தரும் வெளிநாட்டவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள். உயிர் போவது பெரும்பாலும் இரண்டாமவருக்குத்தான்.

ஆபத்தை எழுதும்போது அது அவரோடு நின்றுவிடாது என்று காட்டுங்கள். ரஷ்ய இராணுவ உளவுத்துறை அதிகாரியாக இருந்து பிரிட்டனுக்கு வேலை செய்த செர்கேய் ஸ்கிரிபால், 2010இல் வியன்னா விமான நிலையத்தில் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையாகி, இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் தன் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தார். 2018 மார்ச் 4 அன்று, வீட்டுக் கதவின் கைப்பிடியில் தடவப்பட்ட நோவிச்சோக் நச்சு அவரையும், பார்க்க வந்திருந்த அவருடைய மகளையும் வீழ்த்தியது. இருவரும் பிழைத்தார்கள். சில மாதங்கள் கழித்து, அதே நச்சு இருந்த வாசனைத் திரவியக் குப்பியால், இந்த விவகாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் இறந்துபோனார். உங்கள் கதையிலும் கதவைத் திறக்கும் முதல் கை யாருடையது என்று யோசியுங்கள்.

முடிவை எழுதும் முன் முதலில் எழுதிய அந்த நான்கைந்து பக்கக் குறிப்பை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஏம்ஸ் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் திமித்ரி பொல்யாகோவ். சோவியத் இராணுவ உளவுத்துறையின் ஜெனரல், டெல்லித் தூதரகத்திலும் பணியாற்றியவர், 1961 முதல் அமெரிக்கர்களுக்குத் தகவல் தந்தவர். ஓய்வுபெற்று வாழ்ந்துகொண்டிருந்த நிலையில் 1986இல் கைதாகி 1988இல் கொல்லப்பட்டார். அவருடைய வழக்கில் பணியாற்றியிருந்த கிரைம்ஸ்தான் பின்னாளில் ஏம்ஸின் தேதிகளைப் பொருத்திப் பார்த்தவர். துரோகி பிடிபட்ட பிறகும் பொல்யாகோவ் திரும்பி வரப்போவதில்லை. ஆகவே கடைசி அத்தியாயத்தில் விருது, கைதட்டல், தலைவரின் பாராட்டு எதையும் வைக்காதீர்கள். பழைய விவகாரத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்தில் ஒருவர் எங்கோ இருப்பார். நடந்ததை அவரிடம் சொல்லச் சட்டம் நாயகனை அனுமதிக்காது. அவர் சொல்கிறாரா, விதிக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி ஊர் திரும்புகிறாரா என்பதை, அந்தக் குறிப்பில் நீங்கள் அவரை எப்படிப்பட்டவராக எழுதினீர்களோ அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.