நீலம் போய்விட்டது, சரி, அழுக்கு போனதா? ஒளிவினையூக்கிச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகளில் புராஜெக்ட் மதிப்பீட்டுக்குப் போனால் அந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்கலாம். இடது பக்கம் சாயம் கலந்த அடர்நீலக் குப்பி, வலது பக்கம் வினையூக்கித் தூள் போட்டு ஒளி காட்டியதும் தெளிந்த குப்பி, நடுவே ஒரு சூரியன். கீழே ‘95 சதவீதம் மாசு நீக்கம்’ என்று எழுதியிருக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதே கலவையை இருட்டில் வைத்த குப்பி எங்கே? பலரிடம் அது இருக்காது.

ஒளிவினையூக்கி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டைட்டானியம் டைஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடுத் தூளின் மீது போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால், உள்ளே ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது விட்டுப்போன இடத்துக்குத் ‘துளை’ என்று பெயர். இரண்டும் மறுபடி சேர்ந்துவிடுவதற்குள் தூளின் பரப்புக்கு வந்துவிட்டால், அங்குள்ள நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் போன்ற முரட்டு ஆசாமிகளை உண்டாக்கும். சாயத்தைப் பிய்த்துப்போடுவது அவைதான். அந்த எலக்ட்ரானை நீரின் பக்கம் திருப்பிவிட்டால் ஹைட்ரஜன் கிடைக்கும். ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயையும் பிளாட்டின மின்வாயையும் இணைத்து இதைக் காட்டினார்கள்.

இருட்டுக் குப்பி ஏன் முக்கியம்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வழக்கமான சோதனையில் 100 மில்லி கரைசல் எடுக்கிறோம். அதில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம். அதாவது குப்பியில் இருக்கும் மொத்தச் சாயமே 1 மில்லிகிராம்தான். அதில் நாம் கொட்டும் தூள் 100 மில்லிகிராம். சாயத்தைவிட நூறு மடங்கு! ஒரு கிராம் தூள் வெறும் 10 மில்லிகிராம் சாயத்தைப் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளக்கூடியது என்றாலே, இந்த 100 மில்லிகிராம் மொத்தச் சாயத்தையும் விழுங்கிவிடும். விளக்கே தேவையில்லை. தூளைப் பிரித்தெடுத்துப் பாருங்கள், நீலமாக இருக்கும். அடுப்புக்கரியும் இந்த வேலையைச் செய்யும்.

அதனால் விளக்கைப் போடும் முன் இருட்டில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ‘30 நிமிடம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது வேதவாக்கு இல்லை. சாயத்தின் அளவு இனி குறையவில்லை என்று அளந்து பார்த்து நிறுத்துவதுதான் சரி. பூஜ்ய நேரம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கூடவே தூள் போடாமல் விளக்கு மட்டும் காட்டிய குப்பி ஒன்றும் வேண்டும். சில சாயங்கள் வெறும் ஒளியிலேயே வெளுக்கும்.

அப்புறம் விளக்கு. அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டைஆக்சைடில், எலக்ட்ரான் மேல்நிலைக்குப் போகத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட சுமார் 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீள ஒளி, அதாவது புற ஊதா, தேவை. நம்மீது விழும் வெயிலில் அது ஐந்து சதவீதத்துக்குள்தான். அதனால்தான் ‘காணுறு ஒளியில் வேலை செய்யும்’ என்ற பெருமைக்கு இவ்வளவு போட்டி. வடிகட்டி போடாத விளக்கைக் காட்டிவிட்டு அப்படிச் சொல்லக்கூடாது. அதில் கசியும் கொஞ்சப் புற ஊதாவே முழு வேலையையும் செய்திருக்கலாம். 420 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி போடுவது வழக்கம்.

வடிகட்டி போட்டாலும் ஒரு பொறி இருக்கிறது. மெத்திலீன் ப்ளூ 664 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால்தானே அது நீலம்! ஒளியை வாங்கிய சாயம் தன் எலக்ட்ரானைத் தூளுக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதையலாம். அங்கே ஒளியைப் பிடித்தது உங்கள் வினையூக்கி அல்ல, சாயம். ஃபீனால் மாதிரி நிறமில்லாத ஒன்றை வைத்தும் சோதித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

நிறம் வேறு, கார்பன் வேறு

எனக்கு மிகவும் சங்கடம் தரும் தவறு இது. வேப்பிலை, துளசிச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரித்து, மெத்திலீன் ப்ளூவில் போட்டு, சோடியம் போரோஹைட்ரைடும் சேர்த்து, சில நிமிடங்களில் நிறம் போனதும் ‘சாயம் சிதைந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். சிதையவில்லை. போரோஹைட்ரைடு சாயத்துக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கி, நிறமற்ற லியூகோ மெத்திலீன் ப்ளூவாக மாற்றியிருக்கிறது. மூலக்கூறின் கூடு அப்படியே இருக்கிறது. பள்ளிகளில் குளுக்கோஸும் காரமும் சேர்த்துச் செய்துகாட்டும் நீலக் குப்பி விளையாட்டை நினைத்துப் பாருங்கள்: குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீலத்தைத் திரும்பக் கொண்டுவரும், வைத்தால் மறையும். அதே லியூகோ வடிவம்தான். இதை ஒளிவினையூக்கம் என்பதும் தவறு, மாசு நீக்கம் என்பதும் தவறு. நைட்ரோஃபீனாலை அமினோஃபீனாலாக மாற்றும் சோதனையும் இதே ரகம். வெள்ளித் துகள் வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல சோதனை, அவ்வளவுதான்.

உண்மையான ஒளிவினையூக்கத்திலும் நிறம் போவது முதல் படிதான். ரோடமின் பி சாயத்தின் 554 நானோமீட்டர் உச்சம் மெல்ல இடதுபுறம் நகர்ந்து 498 பக்கம் போனால், எத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன என்று அர்த்தம். ஒரே அலைநீளத்தில் அளந்துகொண்டிருப்பவருக்கு இது ‘நீக்கம்’ போலத் தெரியும். முழு நிறமாலையையும் பாருங்கள். முடிந்தால் கரைசலில் மிச்சமிருக்கும் மொத்தக் கரிமக் கார்பனை அளந்துவிடுங்கள். நிறம் 95 சதவீதம் குறைந்த குப்பியில் கார்பன் பாதிகூடக் குறையாமல் நிற்கலாம். இடையில் உண்டாகும் பொருள் மூலச் சாயத்தைவிட நச்சாக இருக்கவும் வாய்ப்புண்டு.

முன்னுரையில் நொய்யல், சோதனையில் வாலை வடிநீர்

ஆய்வறிக்கைகளின் முன்னுரையில் திருப்பூரும் நொய்யலும் தவறாமல் வரும். நியாயம்தான், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போன பிரச்சினை. ஆனால் சோதனைக்கு எடுப்பது வாலை வடிநீரில் கரைத்த மெத்திலீன் ப்ளூ. பருத்திப் பின்னலாடைக்கு அங்கே பயன்படுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். அவற்றைத் துணியில் ஏற்ற உப்பையும் சோடாவையும் கொட்டுவார்கள். அந்த உப்பின் குளோரைடும் சோடாவின் கார்பனேட்டும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை வழியிலேயே மடக்கிவிடும். கழிவு அடர்நிறமாக இருந்தால் ஒளி உள்ளேயே இறங்காது. குறைந்தபட்சம் உப்பு கலந்த நீரில் ஒரு சோதனையாவது செய்துவிட்டு நொய்யலைப் பற்றி எழுதலாம்.

‘ஐந்து முறை திரும்பப் பயன்படுத்தினோம், திறன் குறையவில்லை’ என்ற வரியையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். ஒவ்வொரு முறையும் சாயம் முழுக்கத் தீரும்வரை ஓடவிட்டால், திறன் பாதியாகியிருந்தாலும் தெரியாது. தொடக்க வேகத்தை ஒப்பிட வேண்டும். கரைசலில் உலோகம் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். காட்மியம் சல்ஃபைடு ஒளியில் தானே அரிக்கப்பட்டு காட்மியம் அயனிகளை வெளிவிடும். சாயத்தை எடுத்துவிட்டு காட்மியத்தைக் கலப்பது என்ன சுத்திகரிப்பு? துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கடும் காரத்திலும் கரைந்தே போகும்.

ஹைட்ரஜன் பக்கமும் கதை இதுதான். மெத்தனாலோ டிரைஎத்தனாலமீனோ சேர்த்துவிட்டு ‘நீரைப் பிளந்தோம்’ என்று எழுதக்கூடாது. துளைகளை அந்தப் பொருள் வாங்கிக்கொள்கிறது. நீர் ஆக்சிஜனாக மாறவே இல்லை. உண்மையில் நீர் பிளந்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 விகிதத்தில் வர வேண்டும். கார்பன் டைஆக்சைடை எரிபொருளாக்கினோம் என்பவர்கள் கார்பன்-13 ஐசோடோப்பு கொண்டு நிரூபிக்க வேண்டும். தூளில் ஒட்டியிருந்த பழைய கரிமக் கசடே மீத்தேனாக வந்திருக்கலாம்.

எண்களைச் சொல்லும்போது எந்த எண் என்றும் சொல்லுங்கள். ஜப்பானில் கசுனாரி டோமென் குழு அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டைக் கொண்டு, 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில் 96 சதவீதம் வரை குவாண்டம் திறன் (அந்த ஒளியின் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்பட்ட பங்கு) கண்டதாக 2020இல் வெளியிட்டது. அதே வகைப் பொருளை 100 சதுர மீட்டர் பலகைகளாக வெயிலில் விரித்து, 2021இல் அவர்கள் சொன்ன சூரிய ஆற்றல் மாற்றுத்திறன் (விழும் மொத்த வெயில் ஆற்றலில் ஹைட்ரஜனில் சேரும் பங்கு) அதிகபட்சம் 0.76 சதவீதம். இரண்டும் உண்மை. முதல் எண்ணுக்கு வேண்டிய புற ஊதா, வெயிலில் மிகக் கொஞ்சம்.