முன் ஃபோர்க்குக்கு எந்த ஆயில்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி பைக். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் முன்பக்கம் ஓரிரு முறை துள்ளித்தான் அடங்கும். ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்களின், ஆயில் சீலில் கசிவில்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் நீளமும் சரியாக இருந்தது. அப்புறம் ஆயிலை வடித்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரி இறங்கியது, கடைசியில் கறுப்பாகக் குழைந்த கசடு.

கடையில் 15 டபிள்யூ போடச் சொன்னார்கள். ஆயிலின் கெட்டியைக் காட்டும் இந்த நம்பரை மட்டும் நம்பக் கூடாது. ஒரு பிராண்டின் 10 டபிள்யூவும் இன்னொன்றின் 10 டபிள்யூவும் ஒரே கெட்டியில் இருக்காது. டேட்டா ஷீட்டில் 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) என்று போட்டிருப்பார்கள், அதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ரொம்பக் கெட்டியாகப் போட்டால் துள்ளல் அடங்கும், ஆனால் சின்னக் குழிகூடக் கையில் நேராக அடிக்கும். சாதாரண ஃபோர்க்கில் ஆயில் போகும் துளைகளின் அளவு மாறாது, அதுதான் காரணம். மேனுவல் சொன்ன 10 டபிள்யூவையே ஊற்றினேன்.

அளவை மில்லியில் மட்டும் பார்த்தால் போதாது, பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மெதுவாகப் பலமுறை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை ஸ்கேலால் அளந்தேன். இரண்டு பக்கமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், மட்டம் ஏற ஏற ஃபோர்க்கின் கடைசி அமுக்கம் இறுகும்.

இப்போது முன்பக்கம் ஒரே தடவையில் எழுந்து நின்றுவிடுகிறது. பிரேக்கில் இறங்கும் அளவு ஏறக்குறைய அதேதான், அது ஸ்பிரிங்கின் வேலை. இறங்கும் வேகம் மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது.