சரக்கு இருப்பைக் கியூஆர் குறியீட்டால் கணக்கு வைப்பது எப்படி? ஒரு சுங்குடிக் கடையை முன்வைத்துச் செய்முறை விளக்கம்

மதுரையில் விளக்குத்தூணைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தெற்கு மாசி வீதியிலும் இருக்கும் துணிக்கடைகள் பலவற்றுக்குக் கடை ஓரிடத்திலும் குடோன் வேறோரிடத்திலுமாக இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் நிறம் குடோனில் இருக்கிறதா என்று அறிய ஆள் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆள் திரும்பி வருவதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். அப்படியொரு சிறு சுங்குடிக் கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கணினி அனுபவம் அதிகம் இல்லாத ஒருவரும் கியூஆர் குறியீட்டின் துணையோடு இருப்புக் கணக்கை எப்படி அமைக்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இதற்குத் தேவைப்படுபவை ஒரு ஸ்மார்ட்போன், ஒரு கூகுள் கணக்கு, லேபிள் அச்சிட ஒரு வழி ஆகிய மூன்றுதான்.

கியூஆர் என்றதும் கல்லாவில் பணம் வாங்க ஒட்டிவைத்திருக்கும் அட்டைதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குறியீடு பிறந்ததே சரக்குக் கணக்குக்காகத்தான். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழுவினர், வாகன உதிரிபாகங்களைத் தொழிற்சாலைக்குள் பின்தொடர்வதற்காக அதை உருவாக்கினார்கள். பழைய கோட்டுக் குறியீட்டில் (பார்கோடு) அடங்கும் தகவல் அவர்களுக்குப் போதவில்லை.

முதல் படி: குறியீட்டுக்குள் எதை வைப்பது

தொடங்குபவர்கள் பெரும்பாலும் புடவையின் பெயர், நிறம், விலை, வாங்கிய நாள் என எல்லாவற்றையும் குறியீட்டுக்குள்ளேயே திணிக்கப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். விலை மாறினால் லேபிளையும் மாற்ற வேண்டிவரும் என்பது ஒரு காரணம். குறியீட்டின் அளவு மற்றொரு காரணம். கியூஆர் குறியீட்டில் மிகச் சிறியது 21க்கு 21 கட்டங்கள் கொண்டது. மிகப் பெரியது 177க்கு 177. உள்ளே வெறும் ஆறு இலக்க எண் மட்டும் இருந்தால், பிழை திருத்தும் திறனை, அதாவது குறியீட்டின் ஒரு பகுதி சேதமானாலும் படிக்கவைக்கும் திறனை, உச்ச நிலைக்கு உயர்த்தினாலும் அது மிகச் சிறிய அளவிலேயே அடங்கிவிடும். தமிழில் எழுதும் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட் (கணினித் தகவலை அளக்கும் அலகு) தேவை என்பதால், 'மஞ்சள் அரக்கு சுங்குடி' என்ற பெயரை மட்டும் உள்ளே வைத்தாலே 62 பைட் ஆகிவிடும். அதற்கு 33க்கு 33 கட்டங்களுக்குக் குறையாத குறியீடு வேண்டும். கட்டங்கள் கூடினால், அதே அகலமுள்ள லேபிளில் ஒவ்வொரு கட்டமும் சிறுத்துப்போகும்; மங்கலான குடோன் வெளிச்சத்தில் கேமரா தடுமாறும்.

ஆகவே குறியீட்டுக்குள் ஓர் எண் மட்டும் இருக்கட்டும். மற்ற விவரங்கள் எல்லாம் அந்த எண்ணுக்கு நேராகப் பேரேட்டில் இருக்கட்டும். அடக்க விலையை வாடிக்கையாளருக்குப் புரியாத குறியெழுத்தில் சீட்டில் எழுதும் பழைய பழக்கம் உள்ள கடைகளுக்கு இது கூடுதல் வசதி. வாடிக்கையாளர் தம் போனில் ஸ்கேன் செய்தாலும் அவருக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டுமே.

எண்ணை 100001இலிருந்து தொடங்குங்கள். பூஜ்யத்தில் தொடங்கினால் விரிதாள் (கணினியில் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும் தாள்) அந்தப் பூஜ்யங்களை விழுங்கிவிடும். முதல் இரண்டு இலக்கம் நிறம், அடுத்த இரண்டு இலக்கம் ரகம் என்று எண்ணுக்குள் பொருள் பொதிந்துவைக்கும் ஆசை எழக்கூடும்; நூறாவது நிறம் வந்து சேரும் நாளில் அந்த ஒழுங்கு உடைந்துவிடும் என்பதால், வரிசை எண்ணாகவே விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: எதற்கு ஓர் எண் கொடுப்பது

இந்த முழு வேலையிலும் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு புடவைக்கும் தனி எண்ணா, ஒரு டிசைனுக்கு ஓர் எண்ணா என்ற முடிவை எந்த மென்பொருளும் உங்களுக்காக எடுத்துத் தராது.

2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புடவை ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. புள்ளிகளின் நெருக்கமும் சாயத்தின் ஏற்றமும் வேறுபடும், அதற்கேற்ப விலையும் வேறுபடும். இத்தகைய புடவைக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பதே பொருத்தம். அப்போதுதான் எந்தப் புடவை எவ்வளவு காலமாக விற்காமல் அலமாரியில் கிடக்கிறது என்று தெரியும். அச்சில் வரும் சுங்குடியோ ஒரே டிசைன், ஒரே நிறத்தில் பண்டல் பண்டலாக வருவது. அதற்கு டிசைன், நிறம் இரண்டும் சேர்ந்து ஓர் எண் போதும். அந்த எண்ணுக்குரிய லேபிளையே எல்லாப் புடவைகளிலும் கட்டி, எத்தனை உருப்படி என்பதைக் கணக்கில் மட்டும் எழுதலாம். ரவிக்கைத் துணியைத் தானிலிருந்து (முழுத் துணிச் சுருள்) வெட்டி விற்பவர்கள், ஒவ்வொரு தானுக்கும் ஓர் எண் கொடுத்து அளவை மீட்டரில் எழுத வேண்டும்.

மலிவான சரக்குக்கும் தனித்தனி எண் கொடுத்தால் லேபிள் கட்டும் கூலியே மிஞ்சிப்போகும். விலையுயர்ந்த சரக்கை மொத்தமாக எண்ணினால், காணாமல் போனது எந்த உருப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. எந்த விலைக்கு மேல் தனி எண் என்று ஒரு கோடு கிழித்து, கடையில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: விரிதாளை அமைத்தல்

கூகுள் ஷீட்ஸில் ஒரு புதிய கோப்பைத் தொடங்கி, அதில் மூன்று தாள்களை வையுங்கள். முதல் தாளின் பெயர் 'பொருள்': எண், பெயர், நிறம், யாரிடம் வாங்கியது, அடக்க விலை, விற்பனை விலை, குறைந்தபட்ச இருப்பு ஆகியவை அதன் பத்திகள். இரண்டாம் தாளின் பெயர் 'நடமாட்டம்': பதிவு எண், நேரம், பொருள் எண், அளவு, எங்கிருந்து, எங்கே, யார் பதிந்தது. மூன்றாம் தாளின் பெயர் 'இருப்பு'. இதில் கையால் எதுவும் எழுத வேண்டாம், சூத்திரம் மட்டுமே இருக்கும்.

நடமாட்டத் தாளில் 'வரவு', 'விற்பனை', 'திரும்பியது' என்று வகை பிரித்து எழுதுவதைவிட, 'எங்கிருந்து', 'எங்கே' என்ற இரண்டு பத்திகளை வைப்பதையே நான் வலியுறுத்துவேன். பற்று வரவு பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஓரிடத்திலிருந்து கழியும் சரக்கு வேறோரிடத்தில் கூடியே தீர வேண்டும். உற்பத்தியாளரிடமிருந்து குடோனுக்கு வந்தால் கொள்முதல். குடோனிலிருந்து கடைக்குப் போனால் இடமாற்றம். கடையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போனால் விற்பனை. வாடிக்கையாளரிடமிருந்து கடைக்கு வந்தால் திரும்பிய சரக்கு. எலி கடித்ததும் சாயம் ஒட்டியதும் 'கழிவு' என்ற இடத்துக்குப் போகும். வகைகளை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் பணியாளருக்கு இல்லை. சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்று சொன்னால் போதும்.

இனி இருப்பைக் கணக்கிடுவது எளிது. ஒரு பொருளின் குடோன் இருப்பு வேண்டுமானால், அந்த எண்ணில் 'எங்கே' பத்தியில் குடோன் என்றிருக்கும் அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து, 'எங்கிருந்து' பத்தியில் குடோன் என்றிருக்கும் அளவுகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். ஷீட்ஸில் உள்ள 'சம்இஃப்ஸ்' என்ற சூத்திரம், பல நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்த்துக் கூட்டுவதற்காகவே இருப்பது. அதை இருமுறை எழுதிக் கழித்தால் விடை வந்துவிடும். கடை இருப்புக்கும் இதே சூத்திரம், இடத்தின் பெயர் மட்டும் மாறும். குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போன வரிகள் சிவப்பாகத் தெரியும்படி 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' வசதியில் அமைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: போனிலிருந்து பதிவு செய்தல்

அதே கோப்பில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவுக்குள் 'ஆப்ஷீட்' இருக்கிறது. அதில் செயலி உருவாக்கும் தெரிவை அழுத்தினால், உங்கள் தாள்களையே அடிப்படையாகக் கொண்ட ஒரு கைப்பேசிச் செயலி உருவாகும். பொருள் எண் பத்தியின் அமைப்புகளில் 'ஸ்கேனபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், போனில் படிவத்தைத் திறக்கும்போது அந்த இடத்தில் ஸ்கேன் செய்யும் பொத்தான் தோன்றும். 'எங்கிருந்து', 'எங்கே' இரண்டையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையாக அமையுங்கள். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் 'குடோன்' என்று எழுதினால் சூத்திரம் கூட்டாது.

இங்கே ஒரு நுட்பமான இடம் உண்டு. ஆப்ஷீட் ஒவ்வொரு தாளிலும் ஒரு பத்தியைத் திறவுப் பத்தியாக வைத்துக்கொள்ளும்; அதில் ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது. நடமாட்டத் தாளில் பொருள் எண்ணே திறவாக அமைந்துவிட்டால், ஒரே புடவையை இரண்டாவது முறை பதிய முடியாது. அதற்காகத்தான் பதிவு எண் என்ற தனிப் பத்தியை வைத்தோம். அதைத் திறவாக்கி, அதன் தொடக்க மதிப்பாக 'யுனிக்ஐடி' என்ற சூத்திரத்தைக் கொடுங்கள். நேரமும் பதிபவரின் கணக்கும் தாமாகவே நிரம்பும்படி செய்துவிட்டால், பணியாளர் ஸ்கேன் செய்து, அளவை எழுதி, இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. குடோனுக்குள் சிக்னல் கிடைக்காவிட்டாலும் பதிவுகள் போனிலேயே காத்திருந்து, இணைப்பு வந்ததும் தாளில் சேர்ந்துவிடும். ஆனால் அதுவரை கடையில் இருப்பவர் பார்ப்பது பழைய இருப்பு என்பதை நினைவில் வையுங்கள். ஆப்ஷீட்டில் சோதித்துப் பார்க்கக் கட்டணம் இல்லை. கடை முழுக்கப் பயன்படுத்தத் தொடங்கும்போது அதன் கட்டணத் திட்டங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லாவில் கணினி இருந்தால், கையில் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொள்வது வேகம் தரும். அது விசைப்பலகையைப் போலவே எண்ணைத் தட்டச்சு செய்துவிடும். வாங்கும்போது 'டூடி' ஸ்கேனரா என்று கேட்டு வாங்குங்கள்; கோட்டுக் குறியீட்டை மட்டும் படிக்கும் பழைய லேசர் ஸ்கேனருக்குக் கியூஆர் தெரியாது.

ஐந்தாம் படி: லேபிள்

லேபிள் பிரிண்டரோடு வரும் மென்பொருள்கள் பெரும்பாலும் எக்செல் கோப்பிலிருந்து எண்களை எடுத்து வரிசையாகக் குறியீடுகளை அச்சிடும். பிரிண்டர் இல்லாதவர்கள் ஏ4 ஸ்டிக்கர் தாளிலேயே தொடங்கலாம். ஒரு தாளில் 65 லேபிள் கொண்ட வகையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38க்கு 21 மில்லிமீட்டர் இருக்கும். குறியீட்டின் அகலம் 21 கட்டங்கள், அதற்கு நான்கு பக்கமும் விட வேண்டிய நான்கு நான்கு கட்ட வெற்றிடம், ஆக 29 கட்டங்கள். ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர் என்றால் 14.5 மில்லிமீட்டர். குறியீட்டை இடப்பக்கம் வைத்து வலப்பக்கம் எண்ணையும் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட இடம் இருக்கிறது. எண்ணை அச்சிடாமல் விட்டுவிடாதீர்கள். குறியீடு கிழிந்துபோனால் கையால் தட்ட அது ஒன்றுதான் வழி. வெற்றிடத்தை அழகுக்காகக் குறைக்கவும் கூடாது, கடையின் பெயரை அதற்குள் நுழைக்கவும் கூடாது. பல சமயம் ஸ்கேன் ஆகாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கும்.

குறியீட்டை உருவாக்கும்போது பிழை திருத்த நிலையை எல், எம், க்யூ, ஹெச் என்ற நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இவை முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சேதமானாலும் படிக்கவல்லவை. நமக்கு உள்ளே இருப்பது ஆறு இலக்கம்தான் என்பதால் ஹெச் நிலையைத் தயங்காமல் எடுக்கலாம், குறியீட்டின் அளவு அதிகரிக்காது. இணையத்தில் இலவசமாகக் குறியீடு செய்துதரும் தளங்களில் 'டைனமிக்' வகையைத் தவிர்த்துவிடுங்கள். அது உங்கள் எண்ணை உள்ளே வைக்காமல் அந்தத் தளத்தின் முகவரியை வைக்கிறது. சந்தா முடிந்த நாளில் கட்டிய லேபிள்கள் எல்லாம் வீணாகும்.

பருத்திப் புடவையில் ஸ்டிக்கரை நேரே ஒட்டினால் பசை கறையாகும். அட்டையில் அச்சிட்டு நூலால் கட்டுங்கள், அல்லது பாலிதீன் உறையின்மேல் ஒட்டுங்கள். மை ரிப்பன் இல்லாமல் வெப்பத்தால் மட்டும் அச்சிடும் லேபிள்கள் சூட்டிலும் வெயிலிலும் கருத்தோ வெளுத்தோ போகும் தன்மையுள்ளவை. தகரக் கூரை போட்ட குடோனில் சித்திரை, வைகாசி மாதங்களைத் தாண்ட வேண்டிய சரக்குக்கு ரிப்பன் வைத்து அச்சிடும் வகையே ஏற்றது. எல்லாவற்றையும் அச்சிடுவதற்கு முன், ஒரே ஒரு தாளை அச்சிட்டு, கடையில் இருப்பதிலேயே பழைய போனால் மாலை வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

ஆறாம் படி: தொடங்கும் நாளும் அதற்குப் பிறகும்

வியாபாரம் மந்தமான ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் இதற்கு உகந்ததல்ல. ஒரு அலமாரியை எடுத்து, எண்ணி, லேபிள் கட்டி, 'தொடக்க இருப்பு' என்ற இடத்திலிருந்து குடோனுக்கோ கடைக்கோ வந்ததாகப் பதியுங்கள். அந்த அலமாரி முடிந்த பிறகே அடுத்தது. லேபிள் கட்டாத சரக்கு கடைக்குள் வரக் கூடாது என்பதை அன்றிலிருந்தே கடைப்பிடியுங்கள். பதிவு, சரக்கு நகரும் அந்தக் கணத்திலேயே நடக்க வேண்டும். இரவு கடை அடைக்கும்போது நினைவிலிருந்து எழுதினால், நோட்டில் எழுதிவந்த காலத்துக்கும் இதற்கும் வேறுபாடு இராது.

பிறகு வாரத்துக்கு ஓர் அலமாரி என்று சுழற்சியில் எண்ணிச் சரிபாருங்கள். தாளில் 12 என்று இருந்து அலமாரியில் 11 இருந்தால், பழைய பதிவைத் திருத்தாமல், ஒன்று 'எண்ணிக்கை வேறுபாடு' என்ற இடத்துக்குப் போனதாகப் புதிய வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த இடத்தின் கூட்டுத்தொகையைப் பார்த்தால், எந்த ரகத்தில், எந்த அலமாரியில் சரக்கு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

விற்றுப்போன தனிப் புடவையின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் புடவை நாளைக்கே மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வரலாம். 100000 முதல் 999999 வரை மொத்தம் 900000 எண்கள் இருப்பதால், எண்ணுக்குத் தட்டுப்பாடு வராது.