கோட் எடிட்டர் ஷார்ட்கட்: கை முந்திக்கொண்டால் வரும் தவறுகள்

ஷார்ட்கட் பட்டியலை பிரின்ட் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் ஒட்டியிருக்கிறேன். சில மாதம் கழித்துப் பார்த்தால் அந்தத் தாளில் இருந்ததில் கைக்குப் பழகியது ஐந்தோ ஆறோதான், அதிலும் இரண்டு தப்பாகப் பழகியிருந்தது. ஷார்ட்கட் தெரியாவிட்டால் கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான். அரைகுறையாகத் தெரிந்தால் ஃபைலையே சத்தமில்லாமல் கெடுத்துவிட்டுப் போகும். புரோகிராம் எழுதப் பயன்படும் வி.எஸ். கோட் எடிட்டரை வைத்து, விண்டோஸ், லினக்ஸ் கணக்கில் சொல்கிறேன். மேக்கில் கண்ட்ரோல் வரும் இடத்தில் பெரும்பாலும் கமாண்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பெயர் மாற்றுவதில். கோடில் மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு வேரியபிளின் பெயரை மாற்ற வேண்டும் என்றதும் கை தானாக கண்ட்ரோல் + டி-க்குப் போகும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அடுத்து எங்கே அதே சொல் இருக்கிறதோ அதுவும் சேர்ந்து தேர்வாகும், எல்லாவற்றையும் ஒரே தட்டச்சில் மாற்றிவிடலாம். பொறுமை இல்லாதவர்கள் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் அழுத்தி ஃபைல் முழுவதையும் ஒரேயடியாகப் பிடிப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கர்சரை சொல்லின் மேல் சும்மா வைத்துவிட்டு அழுத்தினால், எடிட்டர் அதை முழுச் சொல்லாகவும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்தும் தேடும். அதே சொல்லை மவுசால் டபுள் கிளிக் செய்து தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்தினால், தேடல் பெட்டியில் என்ன செட்டிங் இருக்கிறதோ அதன்படி நடக்கும். அங்கே நீங்கள் எதையும் மாற்றி வைக்கவில்லை என்றால் இந்த இரண்டையுமே அது பார்க்காது.

நான் ஒருமுறை 'கவுன்ட்' என்ற பெயரை 'டோட்டல்' ஆக்கினேன், டபுள் கிளிக் செய்துதான். 'அக்கவுன்ட்', 'டிஸ்கவுன்ட்' எல்லாம் 'அக்டோட்டல்', 'டிஸ்டோட்டல்' ஆகிவிட்டன. சிரிப்பு இதுவல்ல, ஃபைலுக்குள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக மாறியிருந்ததால் எந்த எர்ரரும் வராமல் ஜம்மென்று ஓடியது. சர்வரிலிருந்து ஜேசன் வடிவத்தில் வரும் டேட்டாவில் மட்டும் பழைய பெயரே இருந்தது, ஜாவாஸ்கிரிப்ட்டும் டேட்டாவுக்குள் இல்லாத பெயரைக் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்று கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். தள்ளுபடியே காணாமல் போனதை வேறு ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

பெயர் மாற்ற எஃப்2 இருக்கிறது, இன்டெல்லிஜே போன்ற ஜெட்பிரெயின்ஸ் நிறுவன எடிட்டர்களில் ஷிஃப்ட் + எஃப்6. இது எழுத்தைத் தேடுவதில்லை, அந்த மொழியின் இலக்கணத்தைப் பார்த்து, இந்தப் பெயர் எந்த ஃபங்ஷனுக்குள் எதைக் குறிக்கிறது என்று கணக்கிட்டு மாற்றும், மற்ற ஃபைல்களிலும் சேர்த்து. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர்களை அது பொதுவாகத் தொடாது என்பதால், மாற்றி முடித்த பிறகு பழைய பெயரை ஒருமுறை புராஜெக்ட் முழுக்கத் தேடிப் பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல் + டி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டி வைத்த பத்து வரி டேட்டாவில் கமா சேர்ப்பது போன்ற வேலைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. வேண்டாத ஒன்றைத் தாண்டிப் போக கண்ட்ரோல் + கே, கண்ட்ரோல் + டி. கடைசியாகப் பிடித்ததை மட்டும் விட கண்ட்ரோல் + யு.

அடுத்தது எடிட்டர் மாறும்போது நடக்கும் விபத்து. வி.எஸ். கோடில் கண்ட்ரோல் + ஒய் என்றால் ரீடு, அதாவது அன்டு செய்ததை மறுபடி கொண்டுவருவது. இன்டெல்லிஜே-யின் வழக்கமான விண்டோஸ் கீமேப்பில் (எந்தக் கீ எதைச் செய்யும் என்ற பட்டியல்) அதே கீ கர்சர் இருக்கும் வரியை அழித்துவிடும். இருபது படி பின்னால் போய் பழைய கோட் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு, திரும்பி முன்னால் வரலாம் என்று அழுத்துகிறீர்கள், ஒரு வரி அழிகிறது. வரி போனது பெரிய விஷயமில்லை. அன்டு செய்த பிறகு புதிதாக ஒரு மாற்றம் நடந்துவிட்டால் ரீடு வரலாறு அங்கேயே முடிந்தது, அந்த இருபது படியும் போயிற்று. அங்கே ரீடு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இசட், இதை முதல் நாளே கைக்குச் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரி சமயத்துக்குத்தான் இன்டெல்லிஜே-யில் லோக்கல் ஹிஸ்டரி இருக்கிறது, வி.எஸ். கோடிலும் டைம்லைன் என்ற பெயரில் சேமித்த பழைய பிரதிகள் கிடைக்கும்.

விண்டோஸில் ஷிஃப்ட் + ஆல்ட் + எஃப், லினக்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஐ, ஃபைல் முழுவதையும் ஃபார்மேட் செய்யும், அதாவது இடைவெளியையும் வரி அமைப்பையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரும். சொந்த ஃபைல் என்றால் சரி. மற்றவர் எழுதிய பழைய ஃபைலில் இரண்டு வரி திருத்திவிட்டு இதை அழுத்தினால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பில் நூற்றுக்கணக்கான வரி மாறியதாகக் காட்டும், ரிவ்யூ செய்கிறவர் உங்கள் இரண்டு வரியைத் தேடிக் களைத்துப்போவார். தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும் கண்ட்ரோல் + கே, கண்ட்ரோல் + எஃப்.

அப்புறம் டெர்மினல், கட்டளைகளைத் தட்டி புரோகிராம் ஓட்டும் ஜன்னல். எடிட்டர் பழக்கத்தில் இங்கே கண்ட்ரோல் + இசட் அழுத்தினால் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் உறங்கப் போகும், முழுதாக முடிந்துவிடாது (மேக்கிலும் இதற்குக் கமாண்ட் கிடையாது, கண்ட்ரோலேதான்). சர்வர் நின்றுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினால் போர்ட் (சர்வர் இணைப்புக்காகக் காத்திருக்கும் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும், நீங்கள் அரை மணி நேரம் போர்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 'எஃப்ஜி' என்று தட்டினால் உறங்கியது எழுந்து வரும், பிறகு கண்ட்ரோல் + சி கொடுத்து நிறுத்தலாம். லினக்ஸில் தனி டெர்மினல் ஜன்னலில் விம் எடிட்டரின் பழைய பதிப்பைத் திறந்து வைத்து கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால் பல சமயம் திரை அப்படியே உறைந்துவிடும். ஜன்னலை மூடிவிடாதீர்கள், கண்ட்ரோல் + க்யூ போதும்.

டேப் கீ திடீரென்று வரியை உள்ளே தள்ளாமல் எங்கெங்கோ தாவுகிறதா? கண்ட்ரோல் + எம் தெரியாமல் பட்டிருக்கும், மறுபடி அழுத்துங்கள். விண்டோஸில் அடுத்த வரியிலும் ஒரு கர்சர் சேர்க்க கண்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு கொடுத்தால் கர்சர் பெருகாமல் திரையே தலைகீழாகிறதா? சில பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களின் வேலை அது, அதன் செட்டிங்கில் அணைத்துவிடலாம்.

இதற்கெல்லாம் பயந்து எல்லா கீயையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தால் கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். ஒன்றிரண்டை மாற்றுங்கள், போதும். மற்றபடி கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி அழுத்தி வேண்டிய கட்டளையின் பெயரைத் தட்டினால், அதற்கு ஷார்ட்கட் இருந்தால் பக்கத்திலேயே காட்டும். ஒரே கட்டளையை நான்காவது முறை தேடும்போது அதைப் பார்த்துப் பழகினால் தாள் ஒட்டத் தேவையில்லை. ஒரு கீ ஏன் வேறு ஏதோ செய்கிறது என்று குழப்பமாக இருந்தால் கண்ட்ரோல் + கே, கண்ட்ரோல் + எஸ் கொடுத்து, வரும் தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கீபோர்டு ஐகானைத் தட்டிவிட்டு அந்தக் கீயை அழுத்துங்கள். அதைப் பிடித்து வைத்திருக்கும் கட்டளைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், போன வாரம் நீங்கள் எடிட்டரில் கூடுதலாகப் போட்ட எக்ஸ்டென்ஷனுடையது உட்பட.