குழந்தை மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு: கருத்தரங்கு பிறகு, கைப்பயிற்சி முதலில்

குழந்தை மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்ததும் கண்ணில் படும் கருத்தரங்குகளுக்கெல்லாம் பெயர் கொடுக்காதீர்கள். முதலில் இரண்டு பயிற்சிகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பிறந்த குழந்தைக்கு உயிர்மீட்புச் சிகிச்சை கற்றுத்தரும் என்ஆர்பி. மற்றது, அதைவிட வளர்ந்த குழந்தைகளுக்கு அதே சிகிச்சையைக் கற்றுத்தரும் பால்ஸ். தனியாக இரவுப் பணி பார்க்கத் தொடங்குமுன் முடிப்பது உத்தமம்.

இரண்டும் எதற்கு? கணக்கே வேறு. பிறந்த குழந்தைக்கு 3 முறை மார்பை அழுத்தினால் 1 மூச்சு. வளர்ந்த குழந்தைக்கு இருவர் சேர்ந்து செய்யும்போது 15 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. படித்தது பதற்றத்தில் பறந்துவிடும். பொம்மையில் பழகிய கைதான் கைகொடுக்கும். சான்றிதழ் 2 ஆண்டுகள் செல்லும். கை அதற்கு வெகு முன்பே மறந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். ஆகவே மாதம் ஒருமுறையாவது வார்டிலேயே பத்து நிமிடம், மூச்சு கொடுக்கும் முகமூடியும் காற்றுப்பையும் எடுத்துப் பழகுங்கள். அனுபவமுள்ள செவிலியர் ஒருவரை உடன் நிறுத்திக்கொண்டால், பேராசிரியர் சொல்லாத பிழைகளையும் அவர் சொல்லிவிடுவார்.

கட்டணம் இல்லாமல் படிக்க, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கிய ஓபன்பீடியாட்ரிக்ஸ் தளத்தில் தீவிர சிகிச்சைக் காணொளிகள் இருக்கின்றன. வேறு மருத்துவமனையில் சில வாரங்கள் பயிற்சி பெற நினைப்பவர்கள், பணிப்பட்டியல் போடுமுன்பே துறைத்தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.