வன்னியின் வெயில்காலத் திருவிழாக்கள்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் இலங்கையின் வடக்கில் இருக்கிற வன்னியில் ஏதாவது ஒரு பக்கத்தில் திருவிழா நடந்துகொண்டுதான் இருக்கும். வவுனியா நகரில் தங்கினால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல், பௌத்தர்களின் வெசாக், ஹஜ்ஜுப் பெருநாள், மடு மாதா கோயில் திருவிழா என்று நாலு சமயத்தாரின் நல்ல நாட்களுக்கும் அங்கிருந்தே போய்வரலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற எங்கள் சனமே திரும்பத் திரும்பச் செய்கிற சில தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, போன வருடத் தேதியை நம்பி ரிக்கெற் போடுவது. மடுவுக்கு மட்டும்தான் அது சரிவரும். ஆடி மாதத் திருவிழா யூலை 2, பெரிய திருவிழா ஓகஸ்ட் 15, அதில் மாற்றமில்லை. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் திங்கட்கிழமை. வெசாக் போயாவோடு, அதாவது பூரணை நாளோடு வரும். ஹஜ்ஜுப் பெருநாள் பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஓகஸ்டில் வந்திறங்கி, "அம்மாளின் பொங்கல் எப்ப?" என்று கேட்டால் அது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

அடுத்தது, வற்றாப்பளைக்குப் பொங்கல் நாளில் மட்டும் போவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய இழப்பு. பாக்குத்தெண்டலோடு, அதாவது பொங்கலுக்கென்று பாக்குக் கேட்டு வாங்குவதோடு தொடங்குகிற சடங்கு அது. பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை கடலுக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். வழியெல்லாம் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்து நிற்கும் சனம். அந்தக் கடல்நீரில்தான் விளக்கு எரியும், ஒரு கிழமைக்கு. கண்ணகி நந்திக்கடல் கரைக்கு ஒரு கிழவியாக வந்ததாகவும், மாடு மேய்த்த சிறுவர்கள் விளக்குக்கு எண்ணெய் இல்லையென்று நின்றபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னதாகவும் கதை. ஞாயிறு இரவு காட்டா விநாயகருக்குப் பொங்கல், அதன் பிறகுதான் வற்றாப்பளை. முந்தைய திங்களில் ஒருமுறையாவது தீர்த்தத்தின் பின்னால் நடந்துபாருங்கள், பொங்கல் அன்று அந்த நெரிசலில் நிற்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். இங்கே சிங்களவர்களைக் கண்டால் வேடிக்கையாகப் பார்க்காதீர்கள், நாங்கள் கண்ணகி என்று கும்பிடுகிறவளை அவர்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள்.

மே மாதத்தில் வருகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், 2009இல் போரின் கடைசி நாட்களில் அங்கே இறந்தவர்களை நினைக்கிற நாள். அதற்கு முந்தைய கிழமை முழுக்கத் தெருவோரங்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள்; அரிசியும் உப்பும் தண்ணீரும், 2009இல் உயிரைப் பிடித்துவைத்த அதே கஞ்சி. நந்திக்கடல் இரண்டுக்கும் பொதுவானது, ஒரு கரையில் அம்மாள், அதன் மறுபக்கத்தில் முள்ளிவாய்க்கால் மண். வான் வண்டியில் பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு அந்த வழியால் போகாதீர்கள். கஞ்சி நீட்டினால் இறங்கி நின்று குடித்துவிட்டுப் போங்கள். வெசாக் கூடுகள் என்கிற காகித விளக்குகளும் அதே நாட்களில் எரிவதுண்டு. தன்சல் என்கிற இலவசச் சாப்பாட்டுப் பந்தலில் வரிசையில் நின்று சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் அந்த மாதத்தில் கொண்டாட்டத்துக்குப் போக மனம் வராதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தக்கூடாது. வெசாக் போயாவுக்கும் மறுநாளும் இறைச்சிக் கடைகள் பூட்டு என்பதையும் சமையல் பொறுப்பில் இருக்கிறவர்கள் மறக்க வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று பட்டானிச்சூரிலோ சாளம்பைக்குளத்திலோ தெரிந்தவர்கள் இருந்தால் காலையில் போய் நிற்காதீர்கள், தொழுகையும் குர்பான் வேலையும் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு, ஒரு போன் பண்ணிவிட்டுப் போங்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்று தோண்டித் தோண்டிக் கேட்பது வேண்டாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பமாக அது இருக்கலாம், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

மடுவைச் சுற்றுலா மாதிரி நினைப்பது அடுத்த தவறு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர்கள் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு காட்டுக்குள் ஓடிவந்த இடம் அது. 2008இல் சண்டை நெருங்கியபோது அதே சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்து, சில மாதங்களுக்குப் பிறகு திரும்பி வந்தது. நேர்த்திக்கு வருகிற சனம் நவநாட்களிலேயே வந்து மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டு, செபத்தோடு இருக்கும். 14ஆம் திகதி பின்னேரம் காரில் வந்து இறங்கி, நிழல் எங்கே, இடம் எங்கே என்று அவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். சாராயப் போத்தலைக் கொண்டுபோகவே கூடாது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தால் மொழி தெரியாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்காமல் ஒரு தேத்தண்ணி கொடுங்கள், உங்கள் பிள்ளைகள் அதற்குள் அவர்கள் பிள்ளைகளோடு விளையாடத் தொடங்கியிருப்பார்கள்.

அப்புறம் வெயில். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுவதால் சூடு தெரியாது, ஆனால் உடம்பு காய்ந்துபோகும். செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியான மணலில் சின்னப் பிள்ளைகளை நடக்கவிடாதீர்கள். தண்ணீர்ப்பந்தலில் மோர் கிடைக்கும், என்றாலும் கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும். பொங்கல் முடித்து நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் நெடுங்கேணி வழியால் வவுனியாவுக்குத் திரும்புவதை மட்டும் செய்யவே வேண்டாம், யானை நிற்கிற றோட்டு அது. ஒரு பாயைக் கொண்டுபோய்க் கோயில் வீதியிலேயே படுத்துவிட்டு, விடிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.